எலக்ட்ரான் இரட்டைக்கு அரைப் பக்கம் போதாது: வேதியியல் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு, வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் பாடநூல் எழுதுகிறவர்கள், எழுதியதைச் சரிபார்க்கிறவர்கள், அதிலிருந்து வினாவும் விடைக்குறிப்பும் தயாரிக்கிறவர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். அமிலம், காரம் பற்றிய பாடம் பெரும்பாலான நூல்களில் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கிறது. நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம் என்ற அர்ஹீனியஸின் கொள்கை முதலில் வரும்; புரோட்டானைத் தருவது அமிலம், பெறுவது காரம் என்ற பிரான்ஸ்டெட்–லௌரி கொள்கை அடுத்து வரும்; எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது அமிலம், வழங்குவது காரம் என்ற லூயிஸ் கொள்கை கடைசியாக அரைப் பக்கத்தில், ஒரே ஓர் எடுத்துக்காட்டோடு வந்துபோகும். அதற்குப் பிறகு பி.ஹெச் கணக்குகளும் தாங்கல் கரைசல்களும் தொடங்கிவிடுவதால், அந்த அரைப் பக்கத்துக்கு மாணவர் திரும்பி வருவதற்கான தேவை நூலில் எங்கும் எழுவதில்லை. அதே மாணவர் அணைவுச் சேர்மங்களையும், கரிம வினைகளின் வழிமுறைகளையும், போரான், அலுமினியம் ஆகியவற்றின் சேர்மங்களையும் வேறு வேறு பாடங்களில் படிக்கிறார். அங்கெல்லாம் நடப்பவற்றில் பெரும்பகுதி லூயிஸ் சொன்ன அமில-கார வினைதான் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தத் தொடர்பைப் பாடநூலிலும் வினாத்தாளிலும் மீட்டுத் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூன்று கொள்கைகளையும் ஏணிப்படிகள் போல் அடுக்கும் பழக்கம் வரலாற்றுக்கே பொருந்தாது. பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியாகத் தங்கள் கருத்தை வெளியிட்டது 1923இல். கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் இணைதிறன் பற்றிய தம் நூலில் எலக்ட்ரான் இரட்டையைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் வரையறுத்ததும் அதே 1923இல்தான். இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்வதே சகப்பிணைப்பு என்று 1916இல் சொன்னவரும் அவரே என்பதால், அவருடைய அமில-காரக் கொள்கை அந்தப் பிணைப்புக் கொள்கையின் இயல்பான தொடர்ச்சி. ஆயினும் 15 ஆண்டுகள் அது ஏறக்குறைய கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1938இல் அவர் சோதனைச் சான்றுகளோடு மீண்டும் எழுதிய பிறகே வேதியியலாளர்கள் அதன் பக்கம் திரும்பினர். ஹைட்ரஜன் உள்ளவை மட்டுமே அமிலம் என்று வரம்பு கட்டுவது, ஆக்சிஜன் உள்ளவை மட்டுமே ஆக்சிஜனேற்றி என்று வரம்பு கட்டுவதற்குச் சமம் என்பது அவர் வைத்த வாதம். ஆக்சிஜனேற்றத்தை எலக்ட்ரான் இழப்பாகப் பார்க்க மாணவருக்குத் தயக்கமின்றிக் கற்பிக்கிறோம். அமிலத்தின் விஷயத்தில் மட்டும் புரோட்டானோடு நின்றுவிடுகிறோம்.

அந்தச் சோதனைகள் பாடநூலில் இடம்பெறத் தக்கவை. நீரற்ற கரைப்பான்களில், போரான் ட்ரைகுளோரைடு, ஸ்டானிக் குளோரைடு போன்ற ஹைட்ரஜனே இல்லாத சேர்மங்கள் நிறங்காட்டிகளின் நிறத்தை வழக்கமான அமிலங்களைப் போலவே மாற்றுவதையும், பிரிடின் போன்ற ஒரு காரத்தைச் சேர்த்தால் நிறம் திரும்பிவிடுவதையும் லூயிஸ் காட்டினார். அமிலமும் காரமும் சட்டென நடுநிலையாக்கிக்கொள்கின்றன. வலிமை மிக்கது வலிமை குறைந்ததை அதன் சேர்மத்திலிருந்து வெளியேற்றுகிறது. நிறங்காட்டியைக் கொண்டு ஒன்றை மற்றொன்றால் தரம் பார்க்க, அதாவது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தறிய, முடிகிறது. பல வினைகளுக்கு அவை வினையூக்கியாகின்றன. கண்ணால் காணக்கூடிய இந்த நான்கு நடத்தைகளிலிருந்தே அவர் தம் வாதத்தை எழுப்பினார். மாணவரோ வரையறையை மட்டும் பெறுகிறார். அதை ஏற்க வேண்டிய காரணம் அவருக்குக் கிடைப்பதில்லை.

நூல்கள் வழக்கமாகத் தரும் ஒரே எடுத்துக்காட்டு, போரான் ட்ரைபுளூரைடும் அம்மோனியாவும் சேர்வது. எடுத்துக்காட்டில் குறையில்லை, 1809இல் கே-லூசாக் செய்து காட்டிய பழம்பெரும் வினை அது. ஆனால் ஓர் அம்புக்குறியோடு அதை முடித்துவிடுவது அநியாயம். வினைக்கு முன் போரானும் மூன்று புளூரின் அணுக்களும் ஒரே தளத்தில் 120 பாகைக் கோணத்தில் இருக்கின்றன. போரானின் ஒரு ஆர்பிட்டால் (எலக்ட்ரான்கள் தங்கும் இடம்) காலியாக இருக்கிறது. நைட்ரஜனிடம் ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை இருக்கிறது. அந்த இரட்டை போரானை நோக்கி வரும்போது மூன்று புளூரின்களும் பின்னோக்கி மடங்கி, தட்டையாக இருந்த மூலக்கூறு நான்முகி வடிவை நெருங்குகிறது. ஏறத்தாழ 131 பிக்கோமீட்டராக இருந்த போரான்–புளூரின் பிணைப்பு 138 அளவுக்கு நீள்கிறது. அதாவது காலியிடம் நிரம்பியது என்பதோடு நிற்காமல், மூலக்கூறின் உருவமே மாறிவிடுகிறது. இந்த நான்கு வரிகளைச் சேர்த்தால், இனக்கலப்பு, மூலக்கூறு வடிவம், ஈதல் சகப்பிணைப்பு ஆகிய மூன்று தனித்தனிப் பாடங்கள் ஒரே வினையில் சந்திப்பதை மாணவர் காண்பார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது அமிலம் என்று படித்த மாணவர், எலக்ட்ரானை ஏற்பது ஒடுக்கம் என்று முன்பே படித்திருப்பதால், அமிலம் ஒடுக்கமடைகிறது என்று எழுதுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நைட்ரஜன் தன் இரட்டையை விட்டுக்கொடுத்துவிடுவதில்லை, போரானோடு பகிர்ந்துகொள்கிறது, எந்த அணுவின் ஆக்சிஜனேற்ற எண்ணும் மாறுவதில்லை. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் இல்லாத நூல்களே மிகுதி.

அடுத்து, லூயிஸ் கொள்கை பிரான்ஸ்டெட் கொள்கையை எவ்வாறு தனக்குள் அடக்குகிறது என்பது. இதில் விடைக்குறிப்புகளே தடுமாறுகின்றன. ஹைட்ரஜன் குளோரைடு லூயிஸ் அமிலமா என்று கேட்டுவிட்டு, ஆம் என்பதையோ இல்லை என்பதையோ ஒற்றைச் சொல்லில் எதிர்பார்ப்பது நியாயமன்று. எலக்ட்ரான் இரட்டையை நேரடியாக ஏற்பது புரோட்டான். ஹைட்ரஜன் குளோரைடு என்ற மூலக்கூறோ, புரோட்டான் என்ற அமிலமும் குளோரைடு என்ற காரமும் ஏற்கெனவே சேர்ந்து உண்டான சேர்க்கைப் பொருள். அம்மோனியா வரும்போது வலிமை மிக்க காரம் வலிமை குறைந்த காரத்தை வெளியேற்றிவிட்டுப் புரோட்டானோடு சேர்ந்துகொள்கிறது. இப்படிப் பார்த்தால் புரோட்டான் மாற்ற வினை ஒவ்வொன்றும் ஒரு காரம் மற்றொரு காரத்தை இடம்பெயர்க்கும் வினையாகிவிடுகிறது. காரங்களைப் பொறுத்தவரை இரு கொள்கைகளும் ஏறக்குறைய ஒரே பொருள்களையே சுட்டுகின்றன, ஏனெனில் புரோட்டானைப் பெற வேண்டுமானாலும் ஓர் எலக்ட்ரான் இரட்டை வேண்டும். அமிலங்களின் பட்டியலில்தான் வேறுபாடு பெரிதாகிறது.

இனி போரிக் அமிலத்துக்கு வருகிறேன். அதன் வாய்பாட்டில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதைப் பார்த்து, பாஸ்பாரிக் அமிலத்தைப் போல் அதுவும் மூன்று காரத்துவம் உடையது, அதாவது மூன்று புரோட்டான்களைத் தரக்கூடியது என்று மாணவர் எழுதுவார். நூல் ஒரு காரத்துவம் என்று சொல்லும். மாணவர் அதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்வார். உண்மையில் அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. போரிக் அமிலம் தன்னிடமுள்ள புரோட்டானைத் தருவதே இல்லை. அதன் போரான் அணு நீர் மூலக்கூறிலுள்ள ஆக்சிஜனின் இரட்டையை ஏற்கிறது. அப்படிப் பிணைக்கப்பட்ட நீர்தான் ஒரு புரோட்டானை இழக்கிறது. நான்கு ஹைட்ராக்சில்கள் சூழ்ந்த போரேட் அயனி மிஞ்சுகிறது. போரானுக்கு ஓர் இடம் மட்டுமே காலி. ஆகவே ஒரே ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. ஒரு காரத்துவத்துக்கான விளக்கம் இவ்வளவுதான், இதற்கு மனப்பாடம் எதற்கு?

ஆய்வகத்திலும் இதைக் காட்டலாம். அமிலத்தின் வலிமையைக் காட்டும் பி.கே.ஏ மதிப்பு (அது குறையக் குறைய வலிமை கூடும்) போரிக் அமிலத்துக்கு 9.24 என்பதால், அதைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பினால்ப்தலீன் கொண்டு தரம் பார்த்தால் முடிவுநிலை தெளிவாகப் பிடிபடாது. இளஞ்சிவப்பு சிறிது சிறிதாக ஊறிவரும். அதே கரைசலில் போதிய அளவு மானிட்டாலோ கிளிசராலோ சேர்த்துவிட்டுத் தரம் பார்த்தால் ஒரு சொட்டில் நிறம் மாறும். இந்த ஆல்கஹால்களின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகள் போரேட் அயனியை வளையமாகப் பிடித்துக்கொள்வதால் சமநிலை வலப்பக்கம் இழுக்கப்பட்டு, அமிலம் பல ஆயிரம் மடங்கு வலிமை பெற்றதுபோல் நடந்துகொள்கிறது. இந்தத் தரம் பார்த்தல் செய்முறையாகப் பல இடங்களில் இருக்கவே செய்கிறது. மானிட்டால் எதற்கு என்ற வினாவுக்கு முடிவுநிலை கூர்மையாகும் என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதவைத்து நகர்ந்துவிடுகிறோம்.

உலோக அயனிகளின் நிலையும் இதுவே. அலுமினியம் உப்புகளின் நீர்க்கரைசல் அமிலத்தன்மை உடையது என்பதை, வலிமை குறைந்த காரமும் வலிமை மிக்க அமிலமும் சேர்ந்த உப்பு நீராற்பகுப்படையும் என்ற வாய்பாட்டால் விளக்குகிறோம். அலுமினியம் அயனியைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளும் தம் ஆக்சிஜனின் இரட்டையை அதற்கு வழங்கியிருக்கின்றன; மூன்று நேர்மின்சுமை அந்த இரட்டைகளைத் தன்பக்கம் இழுப்பதால் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு தளர்கிறது; புரோட்டான் எளிதில் கழன்றுவிடுகிறது. அந்த அணைவு அயனியின் பி.கே.ஏ ஏறத்தாழ 5. அசிட்டிக் அமிலத்தின் 4.76க்கு அருகில் இருக்கிறது. ஃபெர்ரிக் அயனிக்கு அது ஏறத்தாழ 2.2. ஒரு லூயிஸ் அமிலம், தான் பிடித்த நீரை பிரான்ஸ்டெட் அமிலமாக்கிவிடுகிறது என்பதை மாணவருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உயிரினங்களின் உடலில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இதே வித்தையைத் துத்தநாக அயனியைக் கொண்டு செய்கிறது. துத்தநாகத்தோடு பிணைந்த நீரின் பி.கே.ஏ ஏறத்தாழ 7 வரை இறங்கிவிடுவதால், உடலின் நடுநிலைச் சூழலிலேயே ஹைட்ராக்சைடு ஆயத்தமாகக் கிடைக்கிறது. அது கார்பன் டைஆக்சைடின் கார்பனுக்குத் தன் இரட்டையை வழங்கிப் பைகார்பனேட்டை உண்டாக்குகிறது. அடுத்தடுத்து நடக்கும் இந்த இரண்டு வினைகளில் முதலாவதில் துத்தநாகமும் இரண்டாவதில் கார்பன் டைஆக்சைடும் லூயிஸ் அமிலங்கள்.

கார்பன் டைஆக்சைடைச் சொன்னதும் ஒரு கண்டனத்தையும் சொல்லிவிட வேண்டும். காலியான ஆர்பிட்டால் இருந்தால் லூயிஸ் அமிலம், நேர்மின்சுமை இருந்தால் லூயிஸ் அமிலம் என்ற இரண்டு குறுக்குவழிகள் தேர்வுக் கையேடுகளில் மட்டுமன்றிப் பாடநூல்களிலும் புகுந்துவிட்டன. கார்பன் டைஆக்சைடில் கார்பனுக்கு எட்டு எலக்ட்ரான்கள் நிறைவாக உள்ளன; ஆயினும் இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் ஒதுங்கிக்கொள்வதால் கார்பன் இன்னோர் இரட்டையை ஏற்கிறது, நேர்கோட்டு மூலக்கூறு வளைந்து கோணம் 120 பாகை அளவுக்கு வருகிறது. மறுபுறம் அம்மோனியம் அயனியில் நேர்மின்சுமை உண்டு, ஆனால் நைட்ரஜனில் இன்னோர் இரட்டைக்கு இடமில்லை. முதல் குறுக்குவழி கார்பன் டைஆக்சைடைத் தவறவிடுகிறது. இரண்டாவது அம்மோனியத்தைத் தவறாகச் சேர்த்துக்கொள்கிறது. சரியானவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களில் இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள்; யார் புரிந்து படித்தார் என்பது தெரிந்துவிடும்.

கரிம வேதியியலில் இழப்பு இன்னும் பெரிது. பென்சீன் போன்ற வளையத்தில் ஆல்கைல் அல்லது அசைல் தொகுதியை இணைக்கும், 1877 முதல் அறியப்பட்ட ஃப்ரீடல்–கிராஃப்ட் வினையில் நீரற்ற அலுமினியம் குளோரைடை வினையூக்கி என்று அம்புக்குறியின் மேல் எழுதிவிடுகிறோம். ஆல்கைலேற்றத்துக்கு அது சிறிதளவே போதும். அசைலேற்றத்துக்கோ, அசைல் குளோரைடைப் பயன்படுத்தினால் ஒரு மோலுக்கு ஒரு மோலுக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படுகிறது. வினையூக்கி என்றால் சிறிதளவு போதும் என்று வேறொரு பாடத்தில் படித்த மாணவருக்கு இது முரணாகத் தோன்ற வேண்டும், தோன்றினால் அவர் கேள்வி கேட்க வேண்டும். விடை லூயிஸிடம் இருக்கிறது. அசைலேற்றத்தில் உண்டாகும் கீட்டோனின் ஆக்சிஜனிடம் தனித்த இரட்டைகள் உள்ளன. அவை அலுமினியம் குளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அது அடுத்த சுற்றுக்குக் கிடைப்பதில்லை. வினை முடிந்ததும் கலவையை அமிலம் கலந்த பனிக்கட்டியில் ஊற்றுவது அந்தப் பிடியை விடுவிக்கத்தான். ஆல்கைலேற்றத்தின் விளைபொருளான ஹைட்ரோகார்பனிடம் அப்படிப் பிடிக்கத் தனித்த இரட்டை கிடையாது.

அனிலின் இந்த வினைக்கு உட்படாது என்பதும் தனியே மனப்பாடம் செய்யப்படும் இன்னொரு வரி. அனிலினின் நைட்ரஜன் காரமாக நின்று அலுமினியம் குளோரைடோடு சேர்ந்துவிடுகிறது. வினையூக்கி சிக்கிக்கொள்வதோடு, நைட்ரஜன் மேல் நேர்மின்சுமை ஏறி வளையத்தையும் மந்தமாக்கிவிடுகிறது. கீட்டோனைப் புரிந்துகொண்ட மாணவர் அனிலினைத் தாமே ஊகித்துவிடுவார்.

வலிமையைப் பற்றிப் பேசும்போது நூல்கள் அளவுக்கு மீறிய உறுதியோடு எழுதுகின்றன. போரான் ஹாலைடுகளில் புளூரின் எலக்ட்ரான் கவர்திறன் மிக்கது என்பதால் ட்ரைபுளூரைடே வலிமை மிக்க அமிலமாக இருக்க வேண்டும். ஆனால் பிரிடின் போன்ற காரங்களிடம் காணப்படும் வரிசை நேர்மாறு, புளூரைடு, குளோரைடு, புரோமைடு ஆகிய மூன்றில் ட்ரைபுரோமைடே முதலிடம். புளூரினின் இரட்டைகள் போரானின் காலி ஆர்பிட்டாலை ஓரளவு நிரப்பிவிடுவதால் ட்ரைபுளூரைடு தளர்கிறது என்ற விளக்கத்தை எல்லா நூல்களும் தருகின்றன. அந்த விளக்கம் தனித்து நின்று போதுமா என்பதைப் பிற்காலக் கணிப்பு ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கியிருக்கின்றன. வரிசை சோதனையில் கண்ட உண்மை, விளக்கம் இன்னும் விவாதத்துக்குரியது என்று எழுதினால் மாணவர் நிலைகுலைந்துவிட மாட்டார்.

அதைவிட முக்கியமானது, லூயிஸ் அமிலங்களுக்கும் காரங்களுக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பது. போரான் ட்ரைபுளூரைடு, டைமெத்தில் சல்ஃபைடைவிட டைமெத்தில் ஈதரை விரும்பிச் சேர்கிறது. போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த போரேனோ ஈதரைவிடச் சல்ஃபைடை விரும்புகிறது. அப்படியானால் ஈதர், சல்ஃபைடு ஆகியவற்றுள் எது வலிமை மிக்க காரம்? கேள்வியே எதிரில் நிற்கும் அமிலம் எது என்று சொல்லாமல் முழுமையடைவதில்லை. பியர்சன் 1963இல் கடின (எலக்ட்ரான் முகில் எளிதில் நெளியாத) அமிலங்கள் கடினக் காரங்களையும் மென் (எளிதில் நெளியும்) அமிலங்கள் மென் காரங்களையும் நாடும் என்று வகுத்ததும், டிராகோவும் வேலண்டும் 1965இல் ஒவ்வோர் அமிலத்துக்கும் காரத்துக்கும் இரண்டு எண்களைக் கொடுத்ததும் இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான். சில்வர் குளோரைடு வீழ்படிவு அம்மோனியாவில் கரைவதையும் சில்வர் அயோடைடு கரையாமல் நிற்பதையும் பண்பறி பகுப்பாய்வில் மாணவர் தம் கையாலேயே செய்கிறார். மென்மையான வெள்ளி அயனி மென்மையான அயோடைடை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பதால் அம்மோனியாவால் அதைப் பெயர்க்க முடிவதில்லை என்ற வரியைச் செய்முறை நூலில் சேர்க்கத் தடை ஏதும் உண்டா?

இந்தக் கொள்கைக்கு எதிராகச் சொல்லப்படுவன எனக்குத் தெரியாதவை அல்ல. ஏறக்குறைய எல்லா வினைகளையும் அமில-கார வினை என்று சொல்லிவிட முடிந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீர்க்கரைசலில் பி.ஹெச் கணக்கிட வேண்டுமானால் பிரான்ஸ்டெட் கொள்கையே கைகொடுக்கும்; அங்கே லூயிஸை இழுத்துவருவதில் பயனில்லை. ஒவ்வொரு கொள்கையும் எந்த வேலைக்கு ஏற்றது என்று நூல் சொல்ல வேண்டும் என்பதே நான் கேட்பது. எது உயர்ந்தது என்று தரவரிசைப்படுத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது மற்றோர் எதிர்ப்பு. மேலே நான் சொன்ன போரிக் அமிலம், அலுமினியம் உப்பு, ஃப்ரீடல்–கிராஃப்ட் வினை, சில்வர் ஹாலைடு யாவும் ஏற்கெனவே பாடத்தில் இருப்பவை. புதிதாக ஓர் அத்தியாயமும் தேவையில்லை, ஆங்காங்கே இரண்டு மூன்று வரிகள் போதும்.

புதிதாக ஏதேனும் சேர்க்க மனமிருந்தால் ஒன்றைப் பரிந்துரைப்பேன். அமிலமும் காரமும் பருத்த தொகுதிகளைச் சுமந்திருந்தால் அவை நெருங்கிச் சேர முடியாது. அப்படிச் சேர முடியாமல் நிற்கும் பாஸ்பீனும் (பாஸ்பரஸைக் கொண்ட காரம்) போரேனும் (போரானைக் கொண்ட அமிலம்) ஒரே மூலக்கூறில் இருந்தால், உலோகம் ஏதுமின்றி ஹைட்ரஜன் மூலக்கூறைப் புரோட்டானாகவும் ஹைட்ரைடாகவும் பிளக்கின்றன என்பதையும், சூடாக்கினால் ஹைட்ரஜனைத் திரும்ப விடுகின்றன என்பதையும் டக்ளஸ் ஸ்டீஃபனின் குழு 2006இல் காட்டியது. 1923இல் எழுதப்பட்ட வரையறையிலிருந்து இப்படி ஒரு துறை முளைத்திருக்கிறது என்பது மாணவருக்குத் தெரிய வேண்டும்.

வினாத்தாள் அமைப்போரிடம் தனியாக ஒரு விண்ணப்பம். லூயிஸ் அமிலத்தை வரையறு, ஓர் எடுத்துக்காட்டு தருக என்ற இரண்டு மதிப்பெண் வினாவைச் சில ஆண்டுகளுக்கு ஒதுக்கிவையுங்கள். அதற்குப் பதிலாக, ஒரு வினையைக் கொடுத்து, எந்த அணுவின் இரட்டை எந்த அணுவுக்குச் செல்கிறது என்று வளைந்த அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள். போரிக் அமிலம் ஏன் ஒரு காரத்துவம் உடையது என்று கேளுங்கள். அசைலேற்றத்தில் அலுமினியம் குளோரைடின் அளவு ஏன் கூடுகிறது என்று கேளுங்கள். விடைக்குறிப்பில், நூலின் சொற்களை அப்படியே திருப்பி எழுதாவிட்டாலும் இரட்டை புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் சரியாகக் காட்டிய மாணவருக்கு முழு மதிப்பெண் வழங்குமாறு திருத்துவோருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். அந்த அறிவுறுத்தல் இல்லாவிட்டால் வினாவை மாற்றியும் பயனிருக்காது, ஏனெனில் விடைத்தாள் திருத்தும் மேசையில் குறிப்பில் இல்லாத விடைக்கு மதிப்பெண் போட யாரும் துணிவதில்லை.

இங்ஙனம்,
வேதியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்